வான்சிய மந்திர முறை

வான்சிய மந்திர முறை என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்றல் விளையாட்டுகளில், ஒரு மந்திரவாதி ஒரு நாளில் பயன்படுத்தக்கூடிய மந்திரங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு விதிமுறை ஆகும். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்சின் பெயரால் இது இவ்வாறு அழைக்கப்படுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டின் மூலம் பரவலாக அறியப்பட்ட இம்முறை, ஆட்டக்காரரிடையே நீண்டகாலமாக அதிருப்தியையும் விவாதத்தையும் ஏற்படுத்தி வந்துள்ளது.

பாத்திரமேற்றல் விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்கிறார். ஆட்ட நடத்துநர் சூழலை விவரிப்பார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று கூறுவார். செயலின் விளைவு பெரும்பாலும் பகடையால் முடிவு செய்யப்படுகிறது.

தோற்றம்

1950 ஆம் ஆண்டில் வெளிவந்த வான்சின் "த டையிங் எர்த்" என்னும் நூலில் வரும் மந்திரவாதிகள், ஏடுகளைப் படித்து மந்திரங்களை மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். ஒரே நேரத்தில் சில மந்திரங்களை மட்டுமே மனம் தாங்கும். உச்சரித்தவுடன் அம்மந்திரம் நினைவிலிருந்து அகன்றுவிடும். மீண்டும் படித்தே அதைப் பெற வேண்டும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இக்கருத்தை எடுத்துக்கொண்டது. கட்டுப்பாடு இல்லையெனில் மந்திரவாதிகள் ஏனைய பாத்திரங்களை விஞ்சிவிடுவர் என்பது கைகாக்சின் கருத்து ஆகும்.

செயற்படும் விதம்

இவ்விளையாட்டின் 1978 ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டின்படி, முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம் மட்டுமே உண்டு. ஐந்தாம் நிலையில் முதற்படி மந்திரங்கள் நான்கு, இரண்டாம் படி மந்திரங்கள் இரண்டு, மூன்றாம் படி மந்திரம் ஒன்று என மொத்தம் ஏழு கிடைக்கும். எவை வேண்டும் என்பதை ஓய்வுக்குப் பின்னர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மந்திரம் இருமுறை தேவைப்பட்டால் அதை இருமுறை மனனம் செய்ய வேண்டும்.

அதிருப்திக்கான காரணங்கள்

* தொடக்க நிலையின் வலுவின்மை: முதல் நிலை மந்திரவாதி கவசம் அணிய இயலாது, அவருடைய உயிர்ப்புள்ளிகள் நான்குமுகப் பகடையால் முடிவாகின்றன. தம் ஒரே மந்திரத்தைப் பயன்படுத்திய பின்னர், குத்துவாள், கோல் போன்ற எளிய ஆயுதங்களையே அவர் நம்ப வேண்டியுள்ளது. பல மணி நேரம் நீளும் ஆட்டத்தில் அந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் பார்வையாளராக இருக்க நேரிடுகிறது.
* ஊகித்தல்: ஐந்தாம் நிலை மந்திரவாதி தமது ஒரே மூன்றாம் படி மந்திரமாக நீருக்கடியில் சுவாசிக்கும் மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் தீப்பந்து மந்திரம் அன்று கிடையாது. வழியில் நீர்நிலை எதுவும் வராவிட்டால் அத்தேர்வு வீணாகும். இதனால் பலர் போர் மந்திரங்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கின்றனர்.
* கதைப் பொருத்தமின்மை: கற்ற மந்திரத்தை ஒரு முறை சொன்னவுடன் மறப்பது பலருக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை. பெரும்பாலான கதைகளில் மந்திரவாதி களைப்படைவாரே தவிர மறப்பதில்லை.
* பதினைந்து நிமிட நாள்: முதல் மோதலிலேயே மந்திரங்களைச் செலவிட்டுவிட்டு, குழு முழுவதும் மறுநாள் வரை ஓய்வெடுக்கும் வழக்கம் ஆட்டக்காரரிடையே இவ்வாறு அழைக்கப்படுகிறது. இது கதையின் வேகத்தைக் குறைக்கிறது.

மாற்று முறைகள்

1975 இல் வெளிவந்த டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ் விளையாட்டில், மந்திரத்தைப் பயன்படுத்தும்போது பாத்திரத்தின் வலிமைப் புள்ளிகள் குறைகின்றன. 1978 இல் வெளிவந்த ரூன்குவெஸ்ட்டும் ஆற்றல் புள்ளிகளைச் செலவிடும் முறையைக் கையாண்டது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு (2000), முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தேவையில்லாத சூனியக்காரர் என்னும் வகையை அறிமுகப்படுத்தியது. நான்காம் பதிப்பு (2008) பழைய முறையைப் பெரிதும் கைவிட்டது. அதில் எல்லா வகைப் பாத்திரங்களுக்கும், விரும்பியபோதெல்லாம் பயன்படுபவை, மோதலுக்கு ஒருமுறை பயன்படுபவை, நாளுக்கு ஒருமுறை பயன்படுபவை எனத் திறன்கள் வகுக்கப்பட்டன.

எனினும் இம்மாற்றம் எதிர்ப்பையும் சந்தித்தது. மந்திரவாதியும் போர்வீரரும் ஒன்றுபோல் ஆகிவிட்டனர் என்று பலர் குறை கூறினர். 2009 இல் வெளிவந்த பாத்ஃபைண்டர், மூன்றாம் பதிப்பின் விதிகளைத் தழுவி மனனம் செய்யும் முறையைத் தக்கவைத்துக்கொண்டது. மிக எளிய மந்திரங்களை மட்டும் வரம்பின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ஐந்தாம் பதிப்பும் (2014) எளிய மந்திரங்களுக்கு வரம்பை நீக்கியது. பெரிய மந்திரங்களுக்கு நாள் வரம்பு நீடித்தது. ஆனால் ஆயத்தம் செய்த மந்திரங்களுள் எதை எத்தனை முறை பயன்படுத்துவது என்பதை அவ்வப்போது முடிவு செய்யலாம்.

மதிப்பீடு

வரம்பு இருப்பதால்தான் மந்திரத்தை எப்போது பயன்படுத்துவது என்னும் முடிவு முக்கியத்துவம் பெறுகிறது என இம்முறையை ஆதரிப்போர் கூறுகின்றனர். 2008 க்குப் பிந்தைய விவாதங்கள், ஆட்டக்காரரின் அதிருப்தி வரம்பு என்னும் கருத்தின் மீது மட்டும் எழுந்ததன்று என்பதைக் காட்டுகின்றன. மந்திரங்கள் தீர்ந்த பின்னர் செய்வதற்கு எதுவும் இல்லாமல் போவதே பலரின் முதன்மையான குறையாக இருந்தது. எளிய மந்திரங்களை வரம்பின்றி அளித்து, வலிய மந்திரங்களுக்கு வரம்பைத் தொடரும் பிற்கால விதிகள் இக்குறைக்குத் தீர்வு காணும் முயற்சி ஆகும்.