பழைய கப்பல்களின் மின் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பழுதுபார்த்தல்

கப்பல் மின் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது வணிகக் கப்பலொன்றின் மின்னாக்கிகள், எக்கிகள், சுக்கான் பொறி, பளுதூக்கிகள் முதலியவற்றை இயக்கவும் நிறுத்தவும் பாதுகாக்கவும் பயன்படும் மின்சுற்றுகளின் தொகுதி ஆகும். ஒரு கப்பல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடக்கூடும். அதிலுள்ள கருவிகளின் உற்பத்தியோ அதற்கு முன்பே நின்றுவிடுவதுண்டு. நடுக்கடலில் வெளியுதவியும் கிடைப்பதில்லை. ஆகவே பெரும்பாலான பழுதுகளைக் கப்பலில் உள்ளோரே நீக்க வேண்டியுள்ளது.

அமைப்பு

பல வணிகக் கப்பல்களில் மின்வழங்கல் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், மும்முனை மாறுதிசை மின்னோட்டமாகும். பழைய கப்பல்களில் கட்டுப்பாட்டுத் தருக்கம் முழுவதும் ரிலே, காண்டாக்டர், டைமர் ஆகியவற்றின் கம்பி இணைப்பிலேயே அமைந்திருக்கும். பிற்காலக் கப்பல்களில் பி.எல்.சி எனப்படும் கட்டுப்படுத்தி, நிரலின்படி இப்பணியைச் செய்கிறது.

வீட்டு மின்சுற்றைப் போலன்றி, பொதுவாக இவ்வழங்கலின் நடுமுனை கப்பலின் உடலுடன் இணைக்கப்படுவதில்லை. எனவே ஒரு கம்பி காப்பிழந்து கப்பலின் உடலைத் தொட்டாலும் இயந்திரம் நிற்பதில்லை. எச்சரிக்கை மட்டும் எழும். சுக்கான் போன்றவை இடையில் நின்றுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் முதற்பழுதை நீக்காது விட்டால் இரண்டாம் பழுது ஆபத்தாகும். இவ்விரண்டும் கட்டுப்பாட்டுச் சுற்றில் நிறுத்தும் பொத்தானின் இருபுறமும் அமைந்தால், பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காமல் போகலாம்.

வழமையான பழுதுகள்

அதிர்வு, வெப்பம், உப்புக்காற்று ஆகிய மூன்றும் முதன்மைக் காரணிகள். அதிர்வினால் இணைப்புகள் தளர்கின்றன. வெப்பத்தினால் மின்னணு அட்டைகளில் உள்ள மின்பகுளி மின்தேக்கிகள் உலர்ந்துவிடுகின்றன. உப்பு ஈரத்தினால் முனைகள் அரிக்கப்படுகின்றன. சில பழைய பி.எல்.சிகளில் மின்கலம் தீர்ந்தால் நிரலே அழிந்துவிடும். எனவே நிரலின் படி ஒன்று தனியே இருத்தல் வேண்டும்.

பழுது காணும் முறை

1. வரைபடத்தை உண்மையான இணைப்புகளுடன் ஒப்பிட வேண்டும். முன்பு பணியாற்றியோர் செய்த மாற்றங்கள் வரைபடத்தில் ஏறாமல் இருக்கலாம்.
2. தொடராக அமைந்த சுற்றில் நடுப்புள்ளியில் மின்னழுத்தத்தை அளந்தால், பழுது எப்பாதியில் உள்ளது என்பது தெரியும். இவ்வாறு பாதியாக்கிச் சென்றால் 16 தொடுமுனைகளில் பழுதான ஒன்றை 4 அளவீடுகளில் காணலாம்.
3. எதையும் கழற்றுமுன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்ய வேண்டும்.
4. மெக்கர் கொண்டு காப்பைச் சோதிக்குமுன் மின்னணு அட்டைகளின் இணைப்பை நீக்க வேண்டும். இல்லையெனில் 500 வோல்ட் சோதனை அவற்றைக் கெடுத்துவிடும்.
5. காண்டாக்டரின் வெள்ளித் தொடுமுனைகள் கறுத்திருப்பதற்காக அவற்றை அராவக்கூடாது. அக்கருமை மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. அராவினால் வெள்ளிதான் வீணாகும்.

எண்ணெய் அழுத்தம் குறையும்போது பொறியை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றைத் தற்காலிகமாகக் கம்பியால் இணைத்துவிட்டு மறந்துவிடுவது, பழுதை விடப் பெரிய தீங்காகும்.

டாலி கப்பல் விபத்து

2024 மார்ச்சு 26 அன்று அமெரிக்காவின் பால்ட்டிமோரிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட டாலி என்னும் சரக்குக் கப்பல், மின்சாரத்தை இழந்து பிரான்சிசு இசுகாட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் இடிந்து, அதில் பணியாற்றிக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கப்பல் பணியாளர்களுள் பெரும்பாலோர் இந்தியர். சரியாகப் பொருத்தப்படாத ஒரு சமிக்ஞைக் கம்பியின் தளர்ந்த இணைப்பே மின்தடைக்குக் காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் முடிவுசெய்தது. கம்பியின் பெயர்ப்பட்டை அக்கம்பி முனையத்தினுள் முழுமையாக நுழைவதைத் தடுத்திருந்தது. அக்கப்பலின் அகவை பத்தாண்டுகளுக்கும் குறைவு. அகவை மிகுந்த கப்பல்களில் இத்தகைய இணைப்புகளை முறையாகச் சோதிப்பது மேலும் இன்றியமையாதது.

பணியாளர்

கப்பல் பணியாளர் பயிற்சிக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 2010-இல் மணிலாவில் செய்யப்பட்ட திருத்தங்கள், மின்தொழில்நுட்ப அதிகாரி என்னும் பதவிக்குத் தகுதிகளை வரையறுத்தன. இவை 2012 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.