மேஃப்ளைக்குப் பேர் வைக்கிறது எப்படி?

மழை விட்ட ராத்திரியில ஹாஸ்டல் ட்யூப்லைட்டைச் சுத்தி ஈசல் பறக்கிறதைப் பாத்திருப்பீங்க. ஆத்தோரத்து ஊர்கள்ல விளக்கைத் தேடி இன்னொரு பூச்சியும் வரும்: மேஃப்ளை. ஈசல் கரையான் வகை, இது வேற. உக்காரும்போது ரெக்கையை முதுகுக்கு மேல நேரா நிமித்தி வச்சிருக்கும். பின்னாடி நூல் மாதிரி ரெண்டோ மூணோ வால். இந்தக் கட்டத்துல அது எதையும் சாப்பிடாது. வாயே உருப்படியா கிடையாது. ஆயுசு சில மணி நேரம், மிஞ்சிப்போனா சில நாள்.

ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல ஓடைத் தண்ணியில கல்லுக்கடியில இளம்பூச்சியா வாழ்ந்திருக்கும். சிக்கலே இங்கதான். ரெண்டு உருவத்துக்கும் சம்பந்தமே தெரியாது. ஒருத்தர் ஓடையில பிடிச்சதுக்கு ஒரு பேர் வைப்பார். இன்னொருத்தர் விளக்கடியில பிடிச்சதுக்கு வேற பேர் வைப்பார். ரெண்டும் ஒண்ணுதான்னு பின்னாடி தெரிஞ்சா, முதல்ல வெளியான பேர்தான் நிக்கும்.

இதைத் தவிர்க்க ஒரு பழைய வழி, வளர்த்துப் பாக்கிறது. ரெக்கைப் பை கறுத்துப்போன இளம்பூச்சியா பாத்துப் பிடிச்சு, ஓடைத் தண்ணியிலயே கூண்டுல விடணும். அது தோலுரிச்சுப் பறக்க வந்ததும் அவசரப்பட்டு எடுத்துடக் கூடாது. ரெக்கை முளைச்ச பிறகும் இன்னொரு தடவை தோலுரிக்கிற பூச்சி இன்னிக்கு உலகத்துல இது மட்டும்தான்! காத்திருந்து, ரெண்டு தோலையும் பூச்சியையும் ஒரே குப்பியில ஆல்கஹால்ல போட்டு வைக்கணும். அப்புறம் மைக்ராஸ்கோப்: இளம்பூச்சியின் வாய்ப்பாகங்கள், செவுள்கள், வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பு. இப்போ டிஎன்ஏவை ஒப்பிட்டும் ஜோடி சேர்க்கலாம். ஆனாலும் உருவத்தை வரைஞ்சு, விவரிச்சு, ஒரு மாதிரிப் பூச்சியை மூலச்சான்றா மியூசியத்துல வைக்கிற வேலை குறையல.

மதுரையில பணியாற்றிய கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-ல விவரிச்ச ஒரு இனத்தின் பேர் பீட்டர்சுலா கோர்ட்டல்லென்சிஸ். முதல் பாதி, மேஃப்ளை ஆய்வாளர் வில்லியம் பீட்டர்ஸுக்கு மரியாதை. ரெண்டாவது பாதி நம்ம குற்றாலம்!

சரி, ஒரு நாள் பூச்சிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? சிவில் பசங்க யோசிச்சுப் பாருங்க. பிஓடி டெஸ்ட், நீங்க பாட்டில்ல எடுத்த அன்னிக்குத் தண்ணி எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்லும். போன மாசம் கழிவு வந்து போயிருந்தா அதுக்குத் தெரியாது. மாசக்கணக்கா அங்கயே கிடக்கிற இளம்பூச்சிக்குத் தெரியும். ஆனா எல்லா இனமும் அழுக்கை ஒரே அளவு தாங்காது. தாங்குறதும் தாங்காததும் ஒரே பேர்ல கலந்து கிடந்தா, தாங்காத இனம் செத்து ஒழிஞ்ச பிறகும் நம்ம ரிப்போர்ட்ல 'மேஃப்ளை இருக்கு, தண்ணி நல்லாருக்கு'ன்னுதான் வரும்.