பழைய வரைபடத்தில் மனிதர் நின்ற இடங்கள்

பத்து ஏக்கர் உழவு வயல் ஒன்றை மெட்டல் டிடெக்டரால் மூலை முடுக்கு விடாமல் அலச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியை இடமும் வலமும் வீசினால் ஒன்றரை மீட்டர் அகலம் அடங்கும். அந்தக் கணக்குக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுநடுவே குனிந்து தோண்டுவது தனி. இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் அதனால்தான் பழைய வரைபடங்களை விரும்பிப் படிக்கிறார்கள். எந்த வயல், அதிலும் எந்தப் பக்கம் என்பதை வீட்டு மேசையிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

புதையல் இருக்கும் இடத்தை எந்த வரைபடமும் காட்டாது. மனிதர்கள் கூடிய இடம், காத்து நின்ற இடம், ஏறி இறங்கிய இடம், காசு கைமாறிய இடம் ஆகியவற்றைக் காட்டும். மடியில் முடிந்திருந்த காசும் சட்டைப் பொத்தானும் தவறி விழுவது அங்கெல்லாம்தான். ஆகவே வரைபடத்தை விரித்ததும் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த நிலத்தில் மனிதர் எங்கே நின்றார்கள்?

இதற்குக் கைகொடுக்கும் முதல் சாதனம் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள். 1791இல் தொடங்கிய அந்த நில அளவைத் துறை, 1801இல் கென்ட் கவுண்டியின் வரைபடத்தை முதலில் வெளியிட்டது. அது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்தது. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். ஊர், சாலை, ஆறு தெரியும். வயலுக்குள் இறங்கித் தேட அது போதாது. 1850களில் தொடங்கி வந்த மைலுக்கு 25 அங்குல வரைபடங்கள்தான் நமக்கு வேண்டியவை. அவற்றில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் வெறும் இரண்டரை மீட்டர். ஒவ்வொரு வயலின் எல்லையும், கிணறும், குட்டையும், தொழுவமும், ஒற்றையடிப் பாதையும் அவற்றில் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மட்டுமல்ல, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் கிடைக்கும். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் படியவைத்து, ஒரு பட்டையை நகர்த்தினால் பழையது மெல்ல மங்கி இன்றைய நிலம் தெரியும் வசதியும் அதில் இருக்கிறது.

அந்தப் பட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. இன்றைய படத்தில் ஒரே பெரிய கோதுமை வயல். பழைய வரைபடத்துக்குப் போனால் அதே இடத்தில் நான்கு சிறு வயல்கள், நடுவே வேலிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டும் என்று பல வேலிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இப்போது அந்த நான்கு வயல்களின் குறுக்கே இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று ஓடுவதைக் கவனியுங்கள். பக்கத்தில் ‘எஃப்.பி.’ என்று எழுத்து இருக்கும். நடைபாதை என்று பொருள். அது வேலியைக் கடக்கும் இடத்தில் மரப்படி ஒன்று இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனவரும் சந்தைக்குப் போனவரும் அங்கே காலைத் தூக்கி வைத்துத் தாண்டியிருக்கிறார்கள். வேலியும் படியும் போய்விட்டன. தரையில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் தொடங்க வேண்டிய புள்ளி அது. கலப்பை பொருட்களைச் சில மீட்டர் இழுத்துப் போட்டிருக்கும் என்பதால் அந்தப் புள்ளியைச் சுற்றி இருபது மீட்டராவது தேட வேண்டும்.

வீடு இருந்த இடமே நல்ல இடம் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இடிந்த வீட்டைச் சுற்றி ஆணியும் தகரமும் ஈயத்துண்டும் குவிந்து கிடக்கும். கருவி ஓயாமல் கத்தும். அந்த வீட்டிலிருந்து குட்டைக்கோ சாலைக்கோ போன தடம் பல நேரம் அதைவிட நல்லது. ஆற்றை நடந்து கடந்த துறை, இரண்டு பாதைகள் கூடும் முக்கு, பெரிய மரத்தடி ஆகியவையும் அப்படித்தான்.

வயல்களின் பெயர் தெரிய வேண்டுமானால் தசமபாக வரைபடங்களுக்குப் போக வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காக இங்கிலாந்து, வேல்ஸின் பெரும்பகுதியைத் திருச்சபைப் பங்கு வாரியாக அளந்தார்கள். நம் ஊர் சர்வே எண்ணைப் போல ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருக்கும். கூடவே வரும் பதிவேட்டில் நில உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பு, பயிரா புல்லா என்ற விவரம், வயலின் பெயர் எல்லாம் இருக்கும். ‘சேப்பல் ஃபீல்டு’ என்றிருந்தால் எப்போதோ ஒரு சிற்றாலயம் அங்கே நின்றிருக்கலாம். அல்லது அந்த வயலின் வருமானம் ஆலயத்துக்குப் போயிருக்கலாம். ‘பிளாக்லேண்ட்ஸ்’ என்ற பெயர் சில இடங்களில் பழங்குடியிருப்பின் சாம்பலும் குப்பையும் கலந்து கறுத்த மண்ணைச் சுட்டும். ‘ஃபேர் ஃபீல்டு’ என்றால் ஆண்டுச் சந்தை கூடிய திடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தை எவ்வளவு ஆழமாகத் தடம் பதிக்கும் என்பதற்குக் கேம்பிரிட்ஜின் ஸ்டூர்பிரிட்ஜ் சந்தை நல்ல சான்று. அங்கே ஒரு தொழுநோயாளர் ஆலயத்தின் வருமானத்துக்காக ஜான் மன்னர் காலத்தில் அனுமதி பெற்ற சந்தை அது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்றாக வளர்ந்து, கடைசியாக 1933இல் கூடியது. பூண்டு வரிசை, சிப்பி வரிசை, துணி வணிகர் வரிசை என்ற பொருளில் அமைந்த தெருப்பெயர்கள் அந்தப் பக்கத்தில் இன்றும் வழங்குகின்றன. இத்தனை பேர்பெற்ற இடத்தில் அனுமதியின்றி யாரும் கருவியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. ஆனால் இதன் சிறு வடிவங்கள், ஆண்டுக்கு ஒருநாள் ஆடுமாடு விற்ற கிராமத்துத் திடல்கள், இன்று தனியார் வயல்களாக ஏராளமாக உண்டு.

அப்படிப்பட்ட திடலில் என்ன கிடைக்கும்? ஒரு வெள்ளிப் பென்னியின் பாதி கிடைக்கலாம். உடைந்தது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதிமூன்றாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் சில்லறைக்குத் தனிக் காசு கிடையாது. பென்னியைக் கத்தரித்து இரண்டாகவும் நான்காகவும் ஆக்கிக்கொண்டார்கள். காசின் பின்பக்கத்துச் சிலுவை வெட்டுவதற்கு வாகான கோடாகப் பயன்பட்டது. 1247 முதல் வந்த பென்னியில் அந்தச் சிலுவையின் கைகள் விளிம்பு வரை நீண்டன. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் கண்ணில் படட்டும் என்பதற்காக அப்படி அடித்தார்கள். முதலாம் எட்வர்டின் ஆட்சியில், 1279இல் தொடங்கிய நாணயச் சீர்திருத்தத்தோடு, வட்டமான அரைப்பென்னியும் கால்பென்னியும் புழக்கத்துக்கு வந்தன. நேர்க்கோட்டில் வெட்டுப்பட்ட அந்தப் பாதிக்காசு, ஒருவர் எதையோ வாங்கி மீதிச்சில்லறை பெற்றதன் சாட்சி. எனக்கு முழுக்காசைவிட அதுதான் பெரிது.

இன்னும் பழைய வரைபடங்களும் உண்டு: 1579இல் சாக்ஸ்டன் வெளியிட்ட கவுண்டி வரைபடங்கள், 1675இல் ஓகில்பி நாடாப்பட்டைகளாக வரைந்த சாலைப்படங்கள். அழகுக்குக் குறைவில்லை, ஓகில்பியின் பட்டைகளில் சாலையோரத்து மலையும் பாலமும் தெரியும். ஆனால் ஓர் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க அவற்றை நம்பாமல், சாலை அன்றே இருந்ததா என்று அறிய மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாறாக, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த லைடார் படங்களைச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தருகிறது. வரைபடம் வரையத் தொடங்குமுன்பே அழிந்த தடங்களின் மேடுபள்ளம் அதில் தெரியும்.

வரைபடம் எவ்வளவு ஆசை காட்டினாலும், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. கிடைப்பதை எப்படிப் பகிர்வது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமம் இன்றிக் கருவி வீசுவது குற்றம். யார்க்ஷயரின் வாரம் பெர்சி போன்ற கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் பல அந்தப் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் வரும். ஆகவே புறப்படுமுன் பட்டியலைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் எனத் தோன்றுவதைப் பதினான்கு நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவர முயல வேண்டாம்.

காசுகள் கொத்தாகத் தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸன் கிராமத்தில் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போன ஒருவர் பொன்னும் வெள்ளியும் கண்டதும் நிறுத்திவிட்டு ஆளனுப்பினார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்ததால், ரோமானியக் காலத்துப் பெட்டியில் எது எதனோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. காசுகள் மட்டும் 14,865.

ஒற்றைப் பாதிக்காசு பெரும்பாலும் புதையல் ஆகாது. ஆனாலும் அதை எடுத்த இடத்தின் வரைபடக் கட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டருக்குள், பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டருக்குள் இடம் அடங்கும். அந்த எண்ணோடு பொருளைக் கவுண்டியின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் காட்டினால், அவர் கைத்தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டுப் பொருளைத் திருப்பித் தருவார். 1997இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. எந்த வரைபடத்திலும் இல்லாத சந்தைத் திடல்களை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது, இப்படி அருகருகே விழுந்த புள்ளிகளை வைத்துத்தான்.