இரும்பு நுழையும் வாசல்

செகந்திராபாத்திலிருந்து உஸ்மானியா பல்கலைக் கழகப் பக்கம் பஸ்ஸில் போய்வரும் தமிழர்களுக்குத் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் கண்ணில் படாமல் இராது. அது தமிழ் மண்ணில் பிறந்த ஸ்தாபனம். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், பெரிபெரி நோயை ஆராய டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் தொடங்கியது. 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கு நெடுங்காலமாக ஆராயப்படும் விஷயங்களில் ஒன்று இரத்த சோகை. கீரையும் பருப்பும் சாப்பிட்டும் இரத்தம் ஊறவில்லையே என்று பெண்கள் சொல்வது வீண் புலம்பல் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. தாவர உணவிலுள்ள இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடுகிறது.

குடல் ஸெல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலானது. இரும்பு அதில் தானாக ஊடுருவ முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதம்தான் வாசல். டி.எம்.டி.1 என்ற அந்த வாசலை 1997-லும், ஸெல்லின் மறுபுறத்தில் இரும்பை இரத்தத்துக்கு அனுப்பும் ஃபெரோபோர்ட்டினை 2000-லும் கண்டுபிடித்தார்கள். முன் வாசலில் ஃபெரஸ் வடிவ இரும்புக்கே அனுமதி. எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி, மற்ற இரும்பை அந்த வடிவுக்கு மாற்ற உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீயோ இரும்பைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. இரானி டீ பிரியர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி!

கண்ணுக்குத் தெரியாத இந்த வாசல் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ‘ஆன்டிபாடி’. அம்மை கண்டவர் உடம்பில் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு பற்றும் புரதம் உண்டாகிறதல்லவா, அதே இனம். கடத்திப் புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினால், அதைப் பற்றும் ஆன்டிபாடி முயலின் இரத்தத்தில் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து, மெழுகில் பதித்து மிக மெல்லியதாகச் சீவிய குடல் திசுவின் மேல் விடுகிறார்கள். பின்னர், முயல் ஆன்டிபாடியைப் பற்றும் இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்துச் சாயம் ஏற்றினால், புரதம் உள்ள இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பாகத் தெரியும்.

இரும்பு மாத்திரையோடு துத்தநாகமும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது டாக்டர்களுக்குப் பழைய கேள்வி. தார்நாகா விஞ்ஞானிகள் 2012-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிசோதனைச் சாலையில் வளர்த்த மனிதக் குடல் ஸெல்களில் இந்த இரண்டு தாதுக்களின் கடத்திகள் எவ்வளவு, எங்கே இருக்கின்றன என்று பார்த்தே விளக்கம் தேடினார்கள். சாயம் காட்டும் இடம் உண்மையான வாசல்தானா என்பதில் பிசகினால், மாத்திரைக் கணக்கும் பிசகிவிடும்.

பிசகுவதற்கு இடம் நிறையவே உண்டு. டி.எம்.டி.1 சவ்வை 12 முறை தைத்தாற்போல் ஊடுருவிக் கிடக்கிறது. வெளியே நீட்டிக் கொண்டிருப்பவை சிறு வளையங்களும் நுனிகளும்தான். ஆன்டிபாடி பற்ற இடம் குறைவு. மற்றப் புரதங்களைப் போல் கொதிக்க வைத்துச் சோதிக்கலாமென்றால், இத்தகையவை கட்டி தட்டிப் போகக் கூடும்.

புட்டியில் ஒட்டிய சீட்டை நம்புவது அதைவிட ஆபத்து. வேறொரு புரதத்தைப் பற்றிக் கொண்டு பொய்ச் சாட்சி சொல்லும் ஆன்டிபாடிகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. நரம்பு மண்டலம் தொடர்பான 65 புரதங்களுக்கென 614 ஆன்டிபாடிகளைச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. தேறாதவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனையோ என்பது அதில் அம்பலமாயிற்று.

மரபணுவை முடக்கி, அந்தப் புரதமே உண்டாகாதபடி செய்த எலியின் திசுவிலும் அதே ஆன்டிபாடியை விட்டுப் பார்ப்பதுதான் கண்டிப்பான பரீட்சை. அங்கேயும் பழுப்புக் கறை விழுந்தால் சாட்சி பொய். ஒரு புட்டி தேறிவிட்டதென்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. முயலுக்கு முயல் ஆன்டிபாடி வேறுபடும். அடுத்த புட்டி வேறொரு முயலிலிருந்து வந்தால், பரீட்சையை முதலிலிருந்து நடத்த வேண்டியதுதான்.