ஒரே நாட்டுக்குள் ஒரு கோடு: 'இன்னர் லைன் பெர்மிட்' எதற்கு?



தீபகற்பத்திலிருந்து சரவாக் போயிருக்கீங்களா? கூச்சிங் விமான நிலையத்தில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். சுற்றிப் பார்க்கப் போனால் 90 நாள் தங்கலாம். "ஒரே நாடுதானே டீச்சர், எதுக்கு இந்தச் சோதனை?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். 1963-இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் கேட்டுப் பெற்ற உரிமை அது. இந்தியாவின் வடகிழக்கில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நன்னெறி, வரலாறு பாடங்களில் பேச நல்ல தலைப்பு.

என்ன அது?

அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள் நுழைய, வெளிமாநில இந்தியர்களும் 'இன்னர் லைன் பெர்மிட்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு இது பொருந்தாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வேறு அனுமதிமுறை உண்டு. பயணம் திட்டமிடுவோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

யார் போட்ட கோடு?

1873-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம்தான் இதன் தொடக்கம். மலைமக்கள் மேல் இருந்த அக்கறை மட்டும் இதற்குக் காரணமில்லை. தேயிலைத் தோட்டங்கள் மலையடிவாரம் வரை பரவின. ரப்பர், யானைத்தந்த வியாபாரிகள் காட்டுக்குள் புகுந்தார்கள். மலைமக்களோடு மோதல்கள் வந்தன. அரசு ஒரு கோட்டைப் போட்டு, அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது, கோட்டுக்கு அப்பால் நிலம் வாங்கக்கூடாது என்றது. ஆக, தன் வியாபாரத்தைக் காக்கப் போட்ட கோடு அது.

விடுதலைக்குப் பிறகும் கோடு அழியவில்லை, நோக்கம்தான் மாறியது. நாட்டுக்குள் எங்கும் போகலாம், தங்கலாம் என்று உரிமை தரும் அரசமைப்பின் 19-ஆவது பிரிவே, பட்டியல் பழங்குடியினரின் நலனைக் காக்க நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது.

கோடு இல்லாத இடத்தில்?

பக்கத்திலுள்ள திரிபுராவில் இந்த அனுமதிமுறை இல்லை. 1947 பிரிவினையைத் தொடர்ந்து கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் பெருமளவில் வந்தார்கள். அவர்களும் உயிர் பிழைக்க வந்தவர்களே, குற்றவாளிகள் இல்லை. ஆனால் சொந்த மண்ணிலேயே பழங்குடியினர் சிறுபான்மை ஆனார்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறைய 32 விழுக்காடுதான். "எங்களுக்கும் அந்தக் கோடு வேணும்" என்று அங்கே கோரிக்கை எழுவது இதனால்தான்.

நம்மவர்கள் எந்தப் பக்கம்?

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மணிப்பூரில், மியான்மார் எல்லையில் மோரே என்ற ஊர். 1960-களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். கோவில் கட்டினார்கள், கடை வைத்தார்கள். 2019 டிசம்பரில் மணிப்பூரும் இந்த அனுமதிமுறைக்குள் வந்தது. யார் மண்ணின் மக்கள் என்று முடிவுசெய்ய 1961-ஐ அடிப்படை ஆண்டாக வைக்க மாநில அமைச்சரவை 2022-இல் ஒப்புதல் தந்தது. 1962 இராணுவ ஆட்சிக்குப் பிறகு வந்த குடும்பங்கள் அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? ஒரு மக்களைக் காக்கும் கோடு, இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த இன்னொரு மக்களை 'வெளியார்' ஆக்கிவிடலாம். குடியேறிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்த வலி புரியும். அதேசமயம், நிலத்தை இழந்துவிடுவோமோ என்ற மலைமக்களின் பயமும் பொய் இல்லை.

வகுப்பறையில்

நம் நாட்டிலும் 1954 பூர்வகுடியினர் சட்டம், ஓராங் அஸ்லி பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதைத் தடுக்க அதிகாரம் தருகிறது. இதைச் சொல்லிவிட்டு, மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள்: மலைக்கிராமத்துப் பெரியவர், வேலை தேடி வந்த தொழிலாளி, மோரே தமிழ்க் கடைக்காரர். ஒவ்வொரு குழுவும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "இந்தக் கோடு இருக்கணுமா, வேண்டாமா?"

பிறகு குழுக்களை இடம் மாற்றி, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் மாறினால் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.