மணிபிளாண்ட்டின் வெள்ளை ஏன் மறைகிறது?

திருப்புட்குழிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் பகலிலும் உள்ளறை மங்கல்தான். அங்கே பாட்டிலில் வைத்த வெள்ளை வரி மணிபிளாண்ட் ஏன் பச்சையாகிறது? வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சைப் பகுதி சமைப்பதைத் தின்றே அது வாழ்கிறது. வெளிச்சம் குறைந்தால் பச்சை மிகுந்த தளிர்களே முந்தி வளர்ந்து கொடியைப் பிடித்துக்கொள்கின்றன.

சன்னலருகே வையுங்கள், நேர் வெயில் வேண்டாம், வெள்ளைதான் முதலில் கருகும். பச்சையாகிப்போன கொடியை, வரியுள்ள கடைசி இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள்; அந்த இலையின் கணுவிலிருந்து வரியோடு துளிர்க்க வாய்ப்புண்டு. முழு வெள்ளைத் தளிர் அழகுதான், தனியே நட்டால் பட்டினியில் சாகும். உரம் போட்டால் வெள்ளை கூடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.