பூட்டிய வீட்டில் அலறும் அலாரம்... தெருவே தூக்கம் இழக்க வேண்டுமா?

வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுகிறார்கள். நள்ளிரவில் திருட்டு அலாரம் அலறுகிறது. அக்கம்பக்கத்தினர் பதறியடித்து ஓடிவந்து பார்த்தால் திருடனும் இல்லை, ஒருவரும் இல்லை. இரண்டு முறை இப்படி நடந்தால் ‘புலி வருது’ கதைதான். நிஜமாகவே திருடன் வரும் அன்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஏன் சும்மா அலறுகிறது?

அறைகளில் பொருத்தப்படும் ‘பி.ஐ.ஆர்’ சென்சார், உடல் வெப்பத்தின் அசைவை வைத்தே ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. ஜன்னல் வழியே நுழையும் பூனையோ, சென்சார் மீதே ஊர்ந்துபோகும் பல்லியோ அதை ஏமாற்றிவிடலாம்.

என்ன செய்யலாம்?

* சைரன் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும்படி டைமரை செட் செய்யுங்கள்.

* நேரடி வெயில் படும் இடத்திலோ, ஏ.சி-க்கு எதிரிலோ சென்சாரை வைக்காதீர்கள். தூசி, சிலந்தி வலையை அவ்வப்போது துடையுங்கள்.

* பேட்டரி பலவீனமானாலும் சிக்கல்தான். ஊருக்குக் கிளம்பும் முன் பரிசோதியுங்கள்.

* சிம் கார்டு அல்லது வைஃபை மூலம் உங்கள் போனுக்கே தகவல் வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

* நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் சாவியையும் போன் நம்பரையும் கொடுத்து, அலாரத்தை எப்படி நிறுத்துவது என்றும் காட்டிவிடுங்கள்.

குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். சைரன்கள் பலவும் 100 டெசிபலைத் தாண்டுபவை. கைக்குழந்தையும் முதியவரும் இருக்கும் வீடுகளுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய வேதனை!

அலாரம் சத்தம் போடத்தான் செய்யும். ஓடிவர வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் தூக்கத்தை வீணாகக் கெடுக்காதீர்கள்!